ஆட்டம் நடக்காத டர்பி: கொல்கத்தா, ஆகஸ்ட் 18, 2024

எதைப் பற்றிய பதிவு

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் மாலை 7 மணிக்கு டுராண்ட் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் நகரின் இரண்டு பெரிய கிளப்களான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுவதாக இருந்தது. ஒரே ஊர் கிளப்கள் மோதும் இத்தகைய ஆட்டத்தைத்தான் டர்பி என்கிறார்கள். முந்தைய நாளே ஆட்டம் ரத்தாகிவிட்டது. ஆட்டம் இல்லை என்று தெரிந்தும் ரசிகர்கள் வந்தார்கள். நூறு ஆண்டுகளாக ஒருவரையொருவர் ஏசியே வளர்ந்த இரண்டு கூட்டங்கள், மைதானத்துக்கு வெளியே சாலையில் தோளோடு தோள் நின்று, கொல்லப்பட்ட ஓர் இளம் மருத்துவருக்கு நீதி கேட்டு ஒரே கோஷம் போட்டன. போலீஸ் தடியடி நடத்தியது.

நான் கால்பந்து ரசிகன். இரண்டு கிளப்களில் எதற்கும் பாட்டன் வழிச் சொந்தம் இல்லாதவன். அந்த வசதியில்தான் இந்த ஆய்வை எழுதுகிறேன். கிளப் பகை எப்படி வளர்கிறது, எப்போது தணிகிறது, அதன் உக்கிரத்தை எதை வைத்து அளப்பது என்ற கேள்விகளுக்கு இந்த ஒரு நாள் சொல்லும் பதிலை வேறு எந்த இறுதிப் போட்டியும் எனக்குச் சொன்னதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். கொல்லப்பட்ட அந்த மருத்துவரின் பெயரை வெளியிடச் சட்டமும் அனுமதிப்பதில்லை.

பின்னணி: பகை வளர்ந்த விதம்

மோகன் பகான் 1889-இல் பிறந்த கிளப். 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், பூட்ஸ் அணிந்த ஆங்கிலேயப் படைப்பிரிவு அணியை, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி 2-1 என்று தோற்கடித்த பிறகு அது வெறும் கிளப்பாக இருக்கவில்லை, தேசப் பெருமையாகிவிட்டது.

ஈஸ்ட் பெங்கால் பிறந்த கதையில் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. 1920 ஜூலை 28, கூச் பிஹார் கோப்பை ஆட்டம். ஜோராபகான் என்ற கிளப், கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரைக் கடைசி நேரத்தில் உட்கார வைத்தது. அவருக்காகப் பரிந்து பேசிய கிளப்பின் துணைத் தலைவர், தன் பேச்சு எடுபடாமல் வெளியேறினார். ஆகஸ்ட் 1-ஆம் தேதி புது கிளப் உருவாகிவிட்டது. அன்று ஜோராபகானை எதிர்த்து ஆடிய அணி மோகன் பகான் என்பது வேடிக்கையான ஒற்றுமை. இரண்டு கிளப்களும் கொல்கத்தா லீகில் முதன்முதலாக மோதியது 1925 மே 28 அன்று. ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது.

ஆனால் அந்த நாளிலேயே பகை மூண்டுவிட்டதாக எண்ணக் கூடாது. முப்பதுகளில் கொல்கத்தாவின் பேச்செல்லாம் மூன்றாவது கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங்கைப் பற்றித்தான். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீகை வென்ற அணி அது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் பகைக்கு உண்மையான எரிபொருள் 1947-இல் வந்தது. பிரிவினையில் கிழக்கிலிருந்து லட்சக்கணக்கானோர் அகதிகளாக வந்திறங்கினார்கள். விட்டு வந்த ஊரின் பெயரைத் தாங்கி நகரில் ஒரு கிளப் இருந்தது. அதற்குமேல் அவர்களுக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது? மேற்கு வங்காளத்துக்காரர்கள் ‘கொட்டி’, அவர்கள் மோகன் பகான் பக்கம். வந்தவர்கள் ‘பாங்கால்’, அவர்கள் ஈஸ்ட் பெங்கால் பக்கம். கொட்டி வென்றால் வீட்டில் இறால், பாங்கால் வென்றால் இலிஷ் மீன்.

ஏச்சுச் சொற்களும் அப்படித்தான் பிறந்தன. ஈஸ்ட் பெங்கால் ரசிகனை ‘லோட்டா’ என்பார்கள். தமிழில் நாம் காபி குடிக்கும் அதே லோட்டாதான். எல்லாவற்றையும் இழந்து, கையில் ஒரு சொம்போடு ரயிலிறங்கியவர்கள் என்ற இளக்காரம் அதில் இருக்கிறது. ஒரு சொல்லில் ஒரு தலைமுறையின் காயத்தைச் சுருட்டி வைத்து, அதை எழுபது ஆண்டுகள் கேலரியில் கூவ முடிகிறது என்றால், அந்தப் பகையை வெறும் விளையாட்டுப் போட்டி என்று சொல்லிவிட முடியாது.

இங்கே ஒரு சின்ன விலகல். அகதிகளின் பெருமையைத் தூக்கி நிறுத்திய ஐம்பதுகளின் ஈஸ்ட் பெங்கால் முன்வரிசையைப் ‘பஞ்ச பாண்டவர்’ என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த ஐவரில் ஒருவர்கூடக் கிழக்கு வங்காளத்துக்காரர் இல்லை. எல்லோரும் தென்னாட்டிலிருந்து போனவர்கள். பந்தைக் கோலுக்குள் அடிப்பவனின் ஊரை யாரும் கேட்கவில்லை. பகை ரத்த உறவில் ஊறியது என்று பேசுகிறவர்களுக்கு இந்த ஐவரைத்தான் நான் காட்டுவேன்.

எழுபதுகளில் பகை உச்சத்துக்குப் போனது. 1970 முதல் 1975 வரை லீக் பட்டம் தொடர்ந்து ஈஸ்ட் பெங்காலுக்கே. 1975 ஷீல்டு இறுதியில் 5-0. அந்தத் தோல்வியைத் தாங்க முடியாமல் மோகன் பகான் ரசிகர் ஒருவர் உயிரை விட்டார்.

1980 ஆகஸ்ட் 16

2024-இல் அதிகாரிகள் எடுத்த முடிவைப் புரிந்துகொள்ள இந்தத் தேதி அவசியம். ஈடன் கார்டன்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் லீக் ஆட்டம். கேலரியில் இரு தரப்பு ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் பாதியில் ஒரு முரட்டு ஃபவுல், பதிலுக்கு ஓர் உதை, இருவருக்கும் சிவப்பு அட்டை. மைதானத்தில் அத்தோடு முடிந்த விவகாரம் கேலரியில் மூண்டது. கல் பறந்தது, கூட்டம் வெளியேறும் வழிகளை நோக்கி முண்டியது. நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். பலர் இளைஞர்கள். கீழே ஆட்டம் தொடர்ந்து நடந்தது. தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்பது ஆடியவர்களில் பலருக்கு அப்போது தெரியவில்லை.

அந்த 16 பேரைப் பகை கொன்றது என்றுதான் வழக்கமாக எழுதுகிறார்கள். பாதி உண்மை. அடிதடி தொடங்கியது பகையால். உயிர் போனது நெரிசலால். கலந்து உட்கார வைத்த ஏற்பாடு, குறுகலான வழிகள், கூட்டத்தைப் பிரிக்க ஆள் இல்லாத கேலரி ஆகியவற்றுக்குக் கிளப் கொடி கிடையாது. கிளாஸ்கோவில் 1971-இல் ரேஞ்சர்ஸ், செல்டிக் ஆட்டத்தில் 66 பேர் இறந்ததும் ஒரு படிக்கட்டு நெரிசலில்தான். அன்று அங்கே சண்டையே நடக்கவில்லை.

1984-இல் சால்ட் லேக் மைதானம் திறக்கப்பட்டது. பெரிய ஆட்டங்கள் மெல்ல அங்கே போயின. இரு தரப்புக்கும் தனித்தனி கேலரி, தனி வாசல் என்ற வழக்கம் வேரூன்றியது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 16 அன்று இறந்தவர்களின் நினைவாக ரத்ததான முகாம் நடக்கிறது. இன்னொன்றும் மிஞ்சியது: ‘பொரோ மேட்ச்’ (பெரிய ஆட்டம்) என்றாலே கலவரம் என்ற அரசாங்க நினைவு.

தணிந்த ஆண்டுகள்

1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைப் பார்க்க சால்ட் லேக்கில் 1,31,000-க்கு மேற்பட்டோர் கூடினார்கள். ஈஸ்ட் பெங்கால் 4-1. இந்தியாவில் எந்த விளையாட்டுக்கும் அப்படியொரு கூட்டம் அரிது. அதற்குப் பின் சூடு படிப்படியாக இறங்கியது என்பது என் கணிப்பு. தொலைக்காட்சியில் ஐரோப்பிய ஆட்டங்கள் வந்தன. அகதிக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டன் ஊர் வரைபடத்தில் எங்கே என்பதுகூட நிச்சயமில்லை. கொட்டி, பாங்கால் கல்யாணங்கள் சாதாரணமாகிவிட்டன. 2012 டிசம்பர் 9 அன்று கேலரியிலிருந்து வந்த கல்லில் மோகன் பகான் ஆட்டக்காரர் ஒருவர் காயமடைந்து, அந்த அணி இரண்டாம் பாதிக்கு வர மறுத்தபோது, மக்களுக்குக் கோபத்தைவிடச் சலிப்பே அதிகமாக இருந்தது.

2020-இல் இரண்டு கிளப்களும் இந்தியன் சூப்பர் லீகுக்குள் வந்தன. அங்கே முதல் டர்பி கோவாவில், கொரோனா காரணமாக ஆளே இல்லாத மைதானத்தில் நடந்தது. பிறகு மோகன் பகான் வரிசையாக வென்றுகொண்டே போனது. பகையைக் கொல்வதற்கு ஒரு தரப்பு தொடர்ந்து தோற்பதைவிட நல்ல மருந்து கிடையாது. எட்டு டர்பிகள் தொடர்ந்து தோற்றவனை யாரும் வெறுப்பதில்லை. பரிகாசம் செய்வார்கள், அதையும் கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள். அந்த வரிசை 2023 ஆகஸ்ட் 12 அன்று டுராண்ட் கோப்பையில்தான் உடைந்தது. உடைத்தது சென்னைக்காரரான நந்தகுமார் சேகர் அடித்த ஒற்றை கோல். சாம்பலுக்குள் கங்கு இருந்தது என்பது அன்றிரவு தெரிந்தது.

அந்த இடைக்காலத்தில் வேறொன்றும் சத்தமில்லாமல் வளர்ந்தது. முன்பு ரசிகர் என்றால் டிக்கெட் வாங்கி வருகிற தனி ஆள், அல்லது பேட்டைக்காரர்களின் கும்பல். 2010-க்குப் பின் இரு பக்கமும் கட்டுக்கோப்பான ரசிகர் குழுக்கள் உருவாயின. பணம் திரட்டுவது, துணி வாங்குவது, வாரக்கணக்கில் விழித்து ராட்சத ஓவியப் பதாகை வரைவது, மூவாயிரம் பேரை ஒரே நொடியில் அதைத் தூக்க வைப்பது என்று எல்லாவற்றுக்கும் பழகியவர்கள். 2020 ஜனவரி டர்பியில், குடியுரிமைச் சட்டச் சர்ச்சையின்போது, ஈஸ்ட் பெங்கால் கேலரி தூக்கிய வாசகம் இது: ரத்தம் கொடுத்து வாங்கிய மண், காகிதம் கொடுத்து அல்ல. இந்தத் திறமையை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 2024-இல் நடந்ததற்கு இதுதான் திறவுகோல்.

2024 ஆகஸ்ட் 9 முதல் 17 வரை

ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டார். ஆகஸ்ட் 14 இரவு பெண்கள் ‘இரவை மீட்போம்’ என்று தெருவுக்கு வந்தார்கள். அதே இரவில் ஒரு கும்பல் அந்த மருத்துவமனைக்குள் புகுந்து சூறையாடியது. போலீஸ் மீது நகரத்துக்கு நம்பிக்கை இல்லை. போலீஸுக்கும் தூக்கம் இல்லை.

டர்பிக்கு நான்கு நாட்களே இருந்தன. இரண்டு அணிகளும் தலா இரண்டு ஆட்டங்களை வென்று ஆறு புள்ளிகளோடு இருந்தன. இரு தரப்பு ரசிகர் குழுக்களும் கேலரியில் நீதி கேட்டுக் குரல் எழுப்பப் போவதாகச் சமூக ஊடகங்களில் செய்தி பரவியிருந்தது.

ரத்து என்ற முடிவு

ஆகஸ்ட் 17 அன்று ஆட்டம் ரத்து செய்யப்பட்டது. நகர நிலைமையில் தேவையான அளவு போலீஸைத் தர இயலாது என்பது காரணம். இரு அணிகளுக்கும் தலா ஒரு புள்ளி. இரண்டும் காலிறுதிக்குப் போயின. கோல் வித்தியாசத்தில் மோகன் பகான் பிரிவில் முதலிடம். கால்பந்துக் கணக்கில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

முடிவை எடுத்தவர்கள் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஒரு டர்பிக்கு ஆயிரக்கணக்கான போலீஸ் தேவை. மூன்று நாளுக்கு முன் ஒரு மருத்துவமனையையே காக்க முடியாமல் போனவர்கள் அவர்கள். 1980-இன் நினைவு வேறு. கேலரியில் அறுபதாயிரம் பேர், அவர்களில் பாதிப் பேர் மற்ற பாதியை வெறுப்பவர்கள், எல்லோரும் அரசின் மீது கோபத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் வயிறு கலங்கும். பாதுகாப்பு என்பது சாக்கு, கேலரியின் கோஷத்தை அடக்கவே ரத்து என்று ரசிகர்கள் சந்தேகித்தார்கள். இரண்டுமே கலந்திருக்கலாம்.

ஆனால் கணக்கு ஓரிடத்தில் தவறியது. இந்தக் கூட்டம் ஆட்டத்துக்காகச் சேர்கிறது, ஆட்டம் இல்லையென்றால் சேராது என்று அவர்கள் எண்ணினார்கள். அந்த வாரம் ஆட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று நகரில் இருந்தது. தனித்தனி வாசல், தனித்தனி கேலரி, சோதனைக்கூண்டு, எண் போட்ட இருக்கை என்று நாற்பது ஆண்டுகளாகக் கட்டிய அத்தனை தடுப்பும் மைதானத்துக்கு உள்ளே இருந்தது. ரத்து செய்தவுடன் அந்தக் கூட்டம் எந்தத் தடுப்பும் இல்லாத சாலைக்கு வந்துவிட்டது.

ரசிகர் குழுக்கள் தங்கள் முடிவைச் சில மணி நேரத்தில் எடுத்தன: அதே நாள், அதே இடம், அவரவர் கிளப் சட்டையில் வருவது. சட்டையைக் கழற்றிவிட்டுப் பொதுமக்களாக வந்திருந்தால் அது நகரில் அந்த வாரம் நடந்த பல ஊர்வலங்களில் ஒன்றாகப் போயிருக்கும். பகையை மறக்காமல், பகையின் அடையாளத்தோடே வந்து நின்றதுதான் அதற்கு எடையைத் தந்தது.

ஆகஸ்ட் 18: கவனித்தவை

அன்று மைதானத்தைச் சுற்றிக் கூட்டம் கூடத் தடையுத்தரவு போடப்பட்டது. ஆயுதங்களோடு சிலர் ஊடுருவப் போவதாகத் தகவல் கிடைத்திருப்பதாகப் போலீஸ் சொன்னது. ஒலிப்பதிவுகளையும் செய்தியாளர்களுக்குப் போட்டுக் காட்டியது. மாலைக்குள் பைபாஸ் சாலை நிரம்பிவிட்டது. மோகன் பகானின் பச்சை மெரூன் சட்டைகளும் ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு மஞ்சள் சட்டைகளும் கலந்து நின்றன. முகமதன் ஸ்போர்ட்டிங்கின் கறுப்பு வெள்ளையும் வந்து சேர்ந்தது.

அந்த மாலையின் படங்களில் என் கண்ணில் நிற்பது ஒன்றுதான். ஒரு கிளப் சட்டைக்காரரின் தோளில் மற்ற கிளப் சட்டைக்காரர் ஏறி உட்கார்ந்து, வாய் முழுக்கத் திறந்து கத்திக்கொண்டிருக்கிறார். கீழே இருப்பவர் அவருடைய கணுக்கால்களைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறார். சாதாரண டர்பி நாளில் இந்த இரண்டு சட்டைகளும் இவ்வளவு நெருக்கத்தில் வந்தால் போலீஸ் குறுக்கே பாயும்.

கோஷத்தையும் கவனிக்க வேண்டும். ‘இரண்டு கேலரிக்கும் ஒரே குரல், ஆர்.ஜி. கருக்கு நீதி வேண்டும்’ என்று வங்க மொழியில் இயைபோடு வரும் வாசகம். ‘நாம் எல்லோரும் ஒன்று’ என்று அது சொல்லவில்லை. இரண்டு கேலரி இருப்பதை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகிறது. தாளம் கேலரியில் கேட்டுப் பழகிய தாளம். முழங்கியது கேலரியில் முழக்கிப் பழகிய தொண்டை. ஒத்திகை தேவைப்படவில்லை. ஒருவர் எடுத்துக் கொடுக்க ஆயிரம் பேர் வாங்கிப் பாடும் பயிற்சியை எதிரணியைத் திட்டித் திட்டியே இரண்டு கூட்டமும் பெற்றிருந்தன.

போலீஸ் கலைக்க முயன்றது. தடியடி நடந்தது. பலர் வேனில் ஏற்றப்பட்டார்கள். மோகன் பகானின் கேப்டன் ரசிகர்களோடு வந்து நின்றார். முன்பு இரு கிளப்களுக்கும் கோல்கீப்பராக ஆடியவரும், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவருமான ஒருவரும் அங்கே வந்து, பிடிபட்டவர்களை விடும்படி போலீஸோடு வாதாடினார். அவர் ஓர் அரசியல் கட்சிக்காரரும்கூட. அதனால் அவர் வருகையை ஐயத்தோடு பார்த்தவர்களும் உண்டு. அது நியாயமான ஐயமே.

அன்று மீண்டும் மீண்டும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று: ரசிகர்களைத் தடுக்க இவ்வளவு போலீஸ் இருக்கிறதே, ஆட்டத்தை நடத்த ஏன் இல்லாமல் போனது? அதற்கு இன்றுவரை திருப்தியான பதில் நான் கேட்டதில்லை.

இரு தரப்பு ரசிகர்களுக்கும் இடையே மோதல் எதுவும் நடக்கவில்லை. தனி வாசல் இல்லை, கம்பி வேலி இல்லை. 1980-இல் கலந்து உட்கார்ந்ததால் செத்தார்கள் என்று சொல்லப்பட்ட அதே கூட்டத்தின் வாரிசுகள், 44 ஆண்டுகளும் இரண்டு நாளும் கழித்து, முழுக்கக் கலந்து நின்றும் ஒருவரையொருவர் தொடவில்லை. இதை வைத்து இனி கேலரியைக் கலக்கலாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அன்று எதிரில் நிற்க மூன்றாவது ஆள் இருந்தார். ஆட்டம் நடக்கிற நாளில் அந்த வசதி கிடையாது.

பிறகு வந்த நாட்கள்

இரு கிளப்களின் காலிறுதி ஆட்டங்களும் கொல்கத்தாவுக்கு வெளியே நடத்தப்பட்டன. மூன்று கிளப்களின் நிர்வாகிகளும் சேர்ந்து உட்கார்ந்து செய்தியாளர்களைச் சந்தித்து, ஆட்டங்களை நகருக்கே திருப்பித் தரும்படி கேட்டார்கள். ஆட்டக்காரர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் கடத்திச் சென்ற கதைகள் நிறைந்த கிளப்கள் இவை. ஒரே மேசையில் அவர்கள் உட்கார்ந்ததும் ரசிகர்கள் சாலையில் நின்றதன் பின்விளைவுதான். ஓர் அரையிறுதியும் இறுதியும் கொல்கத்தாவுக்குத் திரும்பின. ஈஸ்ட் பெங்கால் ஷில்லாங்கில் தோற்று வெளியேறியிருந்தது. மோகன் பகான் அரையிறுதியில் ஆடிய அன்று அதன் கேலரியிலிருந்து நீதி கேட்கும் பெரிய பதாகை எழுந்தது. ஆகஸ்ட் 31 இறுதியில் அது நார்த் ஈஸ்ட் யுனைடெட்டிடம் பெனால்டியில் தோற்றது. ஈஸ்ட் பெங்கால் வீடுகளில் அன்றிரவு யாரும் அழுததாகத் தெரியவில்லை.

வழக்கில் 2025 ஜனவரியில் ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஆயுள் தண்டனை பெற்றார். நீதி முழுமையாகக் கிடைக்கவில்லை என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பகைக்கு என்ன ஆயிற்று? 2024 அக்டோபர் 19 அன்று இந்தியன் சூப்பர் லீக் டர்பி. மோகன் பகான் 2-0. லோட்டாவும் பழைய வசைகளும் பத்திரமாகத் திரும்பி வந்தன. ஆகஸ்டில் தோளில் ஏறியவரும் தூக்கியவரும் அன்று எதிரெதிர் கேலரியில் கத்திக்கொண்டிருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அப்படி இல்லாவிட்டால்தான் எனக்கு ஏமாற்றம்.

2025 ஜனவரி 11 அன்று அடுத்த டர்பி. கங்காசாகர் மேளா காரணமாகப் போலீஸ் போதாது என்று அது குவாஹாத்திக்கு மாற்றப்பட்டது. மீண்டும் அதே காரணம், வேறு சீட்டு. இரண்டு கிளப்பும் தத்தம் ஊரை விட்டு ஆயிரம் கிலோமீட்டர் போய் ஆடின. மோகன் பகான் 1-0. பிறகு 2025 ஆகஸ்ட் 17 அன்று, சால்ட் லேக்கில், டுராண்ட் காலிறுதியில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று வென்றது. ரத்தான ஆட்டத்துக்கு ஓராண்டு நிறைய ஒரு நாள் பாக்கி.

இஸ்தான்புல்லோடு ஒப்பிட்டால்

இதற்கு நெருங்கிய உதாரணம் 2013 கோடையில் இஸ்தான்புல். அரசுக்கு எதிரான கெஸி பூங்காப் போராட்டத்தில் பெஷிக்தாஷ், ஃபெனர்பாச்சே, கலாதசராய் என்ற மூன்று பகைக் கிளப்களின் ரசிகர்கள் சேர்ந்து நின்றார்கள். கண்ணீர்ப்புகையை எப்படிச் சமாளிப்பது என்று அங்கே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் கால்பந்து ரசிகர்கள்தான், ஞாயிறுதோறும் பழகியவர்கள். பகை அத்தோடு தீர்ந்தது என்று அப்போதும் எழுதினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பெஷிக்தாஷ், கலாதசராய் ஆட்டம், கூட்டம் மைதானத்துக்குள் புகுந்ததால் முடியாமலே நின்றுபோனது. அடுத்த ஆண்டு துருக்கி மின்னணு அட்டை இல்லாமல் யாரும் நுழைய முடியாது என்று ஆக்கியது. பல குழுக்கள் மைதானத்துக்கு வருவதையே புறக்கணித்தன. பெஷிக்தாஷ் ரசிகர்கள் சிலர் மீது ஆட்சியைக் கவிழ்க்க முயன்றதாக வழக்கே போட்டார்கள்.

கொல்கத்தாவில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்: ஒற்றுமை பகையைக் கரைப்பதில்லை, சில நாட்களுக்குக் கடன் வாங்கிக்கொள்கிறது. எந்த டர்பி உலகிலேயே உக்கிரமானது என்று பட்டியல் போடுகிறவர்கள் கூட்டத்தின் அளவையும் கைதுகளையும் எண்ணுகிறார்கள். அந்த அளவுகோலில் 1997-இன் 1,31,000 பேர் முதலிடம் பிடிப்பார்கள், 2024 ஆகஸ்ட் 18 பூஜ்யம் வாங்கும், ஏனென்றால் ஆட்டமே நடக்கவில்லை. என் கணக்கில் அந்த நாள்தான் இந்தப் பகையின் முழு உயரத்தையும் காட்டியது. மந்தமாகிப்போன பகையில் இத்தனை பேர் ஆட்டமில்லாத நாளில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள்.

மீண்டும் நேர்ந்தால் மாற்ற வேண்டியவை

முதலாவதாக, ரத்து என்பதைக் கடைசி ஆயுதமாக வைக்க வேண்டும். பார்வையாளர் எண்ணிக்கையைக் குறைப்பது, ஆட்டத்தைப் பகலுக்கு மாற்றுவது, சில நாள் தள்ளிப்போடுவது என்று நடுவே படிகள் இருக்கின்றன. அர்ஜென்டினா 2013 முதல் பல ஆண்டுகள் எதிரணி ரசிகர்களையே மைதானத்துக்குள் விடவில்லை. எனக்குப் பிடிக்காத தீர்வு. ஆனாலும் ரத்தைவிட மேல், ஏனெனில் கூட்டத்தின் ஒரு பாதியாவது நாற்காலியில் இருக்கும்.

இரண்டாவது, ரசிகர் குழுக்களோடு பேச ஒரு வழி வேண்டும். ரத்து முடிவு எடுத்த 17-ஆம் தேதி ஆலோசனையில் அவர்கள் சார்பில் ஒருவராவது உட்கார்ந்திருந்தால், ‘ரத்து செய்தாலும் வருவோம்’ என்ற செய்தி அதிகாரிகளுக்கு அன்றே கிடைத்திருக்கும். பதாகையில் என்ன எழுதுவது என்று பேரம் பேசுவது தடியடியைவிட மலிவு.

ரசிகர் குழுக்களுக்கும் ஒரு சொல். சாலையில் கூடும்போது முதலுதவிக்கும், குழந்தைகளோடு வந்தவர்கள் வெளியேறும் வழிக்கும் ஆள் நிறுத்தியாக வேண்டும். கேலரியில் மூவாயிரம் பேரை ஒரு பதாகைக்கு ஒழுங்குபடுத்தத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையில்லை. தடியடி தொடங்கியபோது கூட்டம் எந்தப் பக்கம் ஓடுவது என்று யாரும் முன்கூட்டி யோசித்ததாகத் தெரியவில்லை. ஈடனில் 16 பேர் போனதும் வழி தெரியாத ஓட்டத்தில்தான்.

போட்டி அட்டவணை போடுகிறவர்கள் காலண்டரைப் பார்க்க வேண்டும். கங்காசாகர் மேளா ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி நடுவில், மகர சங்கராந்தியை ஒட்டித்தான் வருகிறது. அது அட்டவணை போட்ட பிறகு திடீரென்று முளைத்த விழா இல்லை.